மதிலுக்கும் பாசறைக்கும் நடுவே

அரசு படை வைத்துக்கொள்வதற்கும், கோட்டை கட்டுவதற்கும், அவற்றுக்காக வரி வாங்குவதற்கும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: குடிகளைக் காப்பது. குடிகளில் சிலரைக் கைவிட்டால்தான் காவல் நிலைக்கும் என்ற நெருக்கடி வரும்போது அந்தக் காரணம் ஆட்டம் காண்கிறது. கைவிட அரசுக்கு உரிமை உண்டா? கைவிடப்பட்டவர்கள் விஷயத்தில் எதிரிக்கு ஏதாவது கடமை உண்டா? இரண்டு பக்கமும் கதவை அடைத்துவிட்டால் பழி யாரைச் சேரும்? போரறம் பேசியவர்கள் எல்லோரும் ஏதோ ஓரிடத்தில் இந்தக் கேள்விகளில் முட்டி நின்றிருக்கிறார்கள். முற்றுகைப் போரில் இவை மிகக் கூர்மையாக எழுகின்றன. களப்போரில் வீரன் வீரனோடு மோதுகிறான். முற்றுகையின் ஆயுதம் பசி. பசி வீரனையும் குழந்தையையும் பிரித்துப் பார்ப்பதில்லை. பிரித்தாலும் குழந்தையைத்தான் முதலில் பிடிக்கிறது.

தமிழ் மரபு இதை அறியாததல்ல. தொல்காப்பியம் மதிலை வளைப்பதையும் காப்பதையும் உழிஞைத் திணையில் சேர்த்து வைத்தது. பிற்கால இலக்கணமான புறப்பொருள் வெண்பாமாலை, காப்பவன் பக்கத்தை நொச்சி என்று தனியாகப் பிரித்தது. திருக்குறளின் அரண் அதிகாரம், படையெடுத்துச் செல்பவனுக்கு மட்டுமல்லாமல் அஞ்சி ஒதுங்குபவனுக்கும் அரண் உரியது என்று தொடங்குகிறது. பிடிக்க அரிதாக, உணவு நிறைந்ததாக, உள்ளே இருப்பவர்கள் நின்று பொர எளிதாக இருக்க வேண்டும் என்று இலக்கணம் சொல்லிக்கொண்டே போய், எல்லாச் சிறப்பும் இருந்தாலும் செயல் திறம் இல்லாதவர் கையில் அது அரணே ஆகாது என்று முடிக்கிறது. உள்ளே இருப்பவர்கள் என்றால் யார் யார் என்று குறள் பிரித்துச் சொல்லவில்லை. அஞ்சி ஒதுங்குபவரும் அதில் அடக்கம் என்பது முதல் குறளிலேயே தெரிகிறது.

இதைவிட நேரடியாகப் பேசியவர் கோவூர் கிழார். ஆவூரில் நலங்கிள்ளியின் படை சூழ, நெடுங்கிள்ளி கோட்டைக் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருந்தான். இருவரும் சோழர்கள். புறநானூற்றின் 44ஆம் பாட்டில் கோவூர் கிழார் உள்ளே இருந்தவனிடம் போய், ஊரின் நிலையை எடுத்துச் சொல்கிறார். யானைகள் நீராடவில்லை, குழந்தைகள் பாலுக்கு அலறுகின்றன, பெண்கள் தலையில் பூ இல்லை, தண்ணீர் இல்லாத வீடுகளில் அழுகுரல். அறவழி நடப்பவன் என்றால் கதவைத் திற, வீரன் என்றால் வெளியே வந்து போரிடு, இரண்டும் இல்லாமல் உள்ளே ஒடுங்கிக் கிடப்பது நாணத்தக்கது என்று முடிக்கிறார். முற்றுகையிட்டவனை அவர் அங்கே கடிந்துகொள்ளவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஊரின் துன்பத்துக்கு முதல் பொறுப்பாளி கதவின் சாவியை வைத்திருப்பவன் என்பது அவருடைய தீர்ப்பு.

முற்றுகையிடுபவனின் கடமையைப் பேசும் பாட்டும் உண்டு. பசுக்கள், பார்ப்பனர், பெண்டிர், பிணியாளர், புதல்வரைப் பெறாதவர் ஆகியோரை முன்கூட்டியே எச்சரித்து விலகச் சொன்ன பிறகே அம்பு தொடுக்கிறவன் என்று பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் 9ஆம் பாட்டில் புகழ்கிறார். போரறத்துக்குச் சான்றாக மேடைகளில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் பாட்டு இது. அதே புலவர், அதே மன்னன், பகைவர் ஊர்த் தெருக்களில் கழுதை பூட்டி உழுது பாழாக்கியதையும் 15ஆம் பாட்டில் அதே மகிழ்ச்சியோடு பாடியிருக்கிறார் என்பது மேடைகளில் வருவதில்லை. புகழ்ச்சிப் பாட்டைச் சட்டநூலாகப் படிக்கக் கூடாது. கௌடிலியர் உணர்ச்சி கலக்காமல் காரியமாகப் பேசுகிறார். கோட்டையை வளைக்கும்போது நாட்டுப்புற மக்களுக்கு அபயம் தர வேண்டும். மக்கள் இல்லாமல் நாடு இல்லை, நாடு இல்லாமல் அரசும் இல்லை என்கிறது அர்த்தசாஸ்திரம். அங்கே கருணை நலக்கணக்கிலிருந்து பிறக்கிறது. எப்படிப் பிறந்தாலும் அது பிறந்திருக்கிறது.

இந்தக் கேள்விகள் ஏட்டை விட்டு மண்ணில் இறங்கிய இடங்களில் ஒன்று புதுச்சேரி. பதினெட்டாம் நூற்றாண்டில் இந்த நகரம் 1748, 1760, 1778, 1793 என்று நான்கு முறை ஆங்கிலேயரால் முற்றுகையிடப்பட்டது. நகரத்துக்கு மதில் இருந்தது. மதிலுக்கு வெளியே கள்ளியும் பனையும் முள்ளும் அடர்ந்த எல்லை வேலி இருந்தது. வேலியை ஒட்டிக் காவல் கோட்டங்கள் இருந்தன. தெற்கே ஆற்றைத் தாண்டினால் அரியாங்குப்பம், அதற்குக் கிழக்கே கடலோரமாக வீராம்பட்டினம். கடலூர்ப் பக்கத்துத் தேவனாம்பட்டினத்திலிருந்து, அதாவது ஆங்கிலேயரின் புனித டேவிட் கோட்டையிலிருந்து வரும் படை முதலில் மிதிக்கும் மண் இதுதான்.

இந்தக் கரை தலைநகரங்களின் பாதுகாப்புக் கணக்குகளுக்கு வெகு காலம் முந்தியது. ரோமானிய வணிகம் நடந்த அரிக்கமேடு இதன் அடுத்த வாசல். 1945இல் மார்டிமர் வீலர் அங்கே தோண்டினார். பின்னர் தோண்டிய பிரெஞ்சு அறிஞர் ஜே. எம். கசால், 1949இல் வெளியிட்ட அறிக்கையின் தலைப்பில் வீராம்பட்டினத்தின் பெயரையே அரிக்கமேட்டுக்கு முன்னால் வைத்தார்.

1748 ஆகஸ்டில் கடற்படைத் தலைவர் எட்வர்ட் பாஸ்கவன் தெற்கிலிருந்து வந்தார். புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே அதற்கு ஓரளவு தயாராக இருந்தார். செலவைச் சுருக்கு, கோட்டை வேலையை நிறுத்து என்று பாரிஸிலிருந்து கும்பினி எழுதியும் கேளாமல் கடல் பக்கத்து மதிலைக் கட்டி முடித்தவர் அவர். பாதுகாப்புக் கொள்கையில் தலைமையகத்துக்கும் எல்லையில் இருப்பவனுக்கும் இடையே எப்போதும் நடக்கும் சண்டை அது. அந்த முறை எல்லையில் இருந்தவன் பக்கம் நியாயம் இருந்தது. அரியாங்குப்பம் கோட்டை பாஸ்கவனின் படையை எதிர்பாராத அளவுக்குத் தடுத்து நிறுத்தியது. ஆங்கிலப் படையின் மேஜர் ஸ்டிரிஞ்சர் லாரன்ஸ் அங்கே சிறைபிடிக்கப்பட்டார். வெடிமருந்து வெடித்த பிறகுதான் பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் கோட்டையை விட்டுப் பின்வாங்கினார்கள். அதற்குள் பாஸ்கவன் இழந்த நாட்களை மழைக்காலம் திருப்பித் தரவில்லை. அக்டோபரில் முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பினார்.

அந்த முற்றுகை நடந்துகொண்டிருந்தபோதே, செப்டம்பரில், நகரத்துக்குள் வேதபுரீசுவரர் கோவில் இடிக்கப்பட்டது. இடித்தது எதிரியின் குண்டு இல்லை, நகரத்தின் சொந்த நிர்வாகம். பக்கத்தில் சம்பா கோவில் என்று தமிழர் அழைத்த சேசு சபையாரின் ஆலயம் இருந்தது. கோவிலை அகற்ற அவர்கள் பல பத்தாண்டுகளாகக் கேட்டும் முந்தைய ஆளுநர்கள் இணங்கவில்லை. இது தமிழர் நாடு, கலகம் வரும், வணிகம் கெடும் என்பது அவர்களுடைய எண்ணம். அமைதிக் காலத்தில் நடவாதது குண்டு விழுந்துகொண்டிருந்த நாட்களில் நடந்தது. துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் இதை நாள்வாரியாக எழுதி வைத்திருக்கிறார். சாதித் தலைவர்கள் முறையிடத் திரண்டதும், அவர்களால் எதுவும் செய்ய முடியாமல் போனதும் அதில் உண்டு.

அவசரம் என்ற வாதத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கு இந்த நிகழ்ச்சி நல்ல பாடம். அவசர நிலையில் சாதாரண விதிகள் தளரும் என்பதைப் பெரும்பாலான அறவியலாளர்கள் ஓரளவு ஒப்புக்கொள்கிறார்கள். ஒரு செயலைச் செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால்தான் அந்தத் தளர்வு. கோவில் இடிப்பில் கட்டாயம் இல்லை, வாய்ப்புத்தான் இருந்தது. பழைய ஆசை ஒன்று பாதுகாப்பின் உடையை உடுத்திக்கொண்டு வந்தது. இன்றைய அரசுகளின் அவசரச் சட்டங்களையும் இதே உரைகல்லில் தேய்க்கலாம்: இந்த நடவடிக்கையை யாராவது அச்சுறுத்தலுக்கு முன்பே விரும்பிக்கொண்டிருந்தார்களா? ஆம் என்றால், அச்சுறுத்தல் அதற்குக் காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு.

இனி 1760. ஆளுநர் லாலி 1758இல் வந்து இறங்கியபோது தேவனாம்பட்டினத்தைப் பிடித்துக் கோட்டையை இடித்துத் தள்ளினார். பீரங்கி இழுக்கவும் சுமை தூக்கவும் சாதி பாராமல் புதுச்சேரித் தமிழரைப் பிடித்துச் சென்றார். குடிகளை அவர் எந்தக் கண்ணால் பார்த்தார் என்பதை அறிய அதுவே போதும். 1760 ஜனவரியில் வந்தவாசியில் தோற்றபின் அவர் கையில் நகரம் மட்டும் மிஞ்சியது. செப்டம்பரில் ஆங்கிலேயர் எல்லை வேலியைக் கைப்பற்றினார்கள். கடலில் ஆங்கிலக் கப்பல்கள், நிலத்தில் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டின் படை. உள்ளே தானியம் குறைந்தது.

நவம்பர் இறுதியில் லாலி ஒரு முடிவெடுத்தார். நகரத்தில் எஞ்சியிருந்த தமிழ்க் குடிகளில் வீட்டு வேலைக்காரர் சிலர் நீங்கலாக மற்றவர்கள் எல்லோரையும் வாயிலுக்கு வெளியே தள்ளினார். ஆணும் பெண்ணும் குழந்தையும் முதியவருமாகச் சுமார் 1,400 பேர் என்று அக்கால வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் குறிக்கிறார். அவர்கள் ஆங்கிலக் காவல் வரிசையை நோக்கி நடந்தார்கள். கூட் அவர்களைத் திருப்பி அனுப்பும்படி ஆணையிட்டார். திரும்பி வந்தவர்களை மதில் ஏற்கவில்லை. மதிலுக்கும் பாசறைக்கும் நடுவே இருந்த வெறும் நிலத்தில், புல்வேரைத் தோண்டித் தின்றுகொண்டு, எட்டு நாட்கள் அவர்கள் கிடந்தார்கள். எட்டாம் நாள் ஆங்கிலேயர் வழிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் பெயரும் எந்தப் பதிவிலும் தெரியவரவில்லை. இரு பக்கமும் காவலுக்கு நின்ற சிப்பாய்களில் பெரும்பாலோர் இந்த நாட்டு மக்களே என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஐரோப்பியப் போர் வரலாற்றுக்கு இது புதிதல்ல. கி.மு. 52இல் ஆலேசியாவில் காலியர்கள் தம் நகரத்துச் சொந்தக்காரர்களான மாந்துபியரையே பெண்டு பிள்ளைகளோடு வெளியேற்றினார்கள். முற்றுகையிட்ட ரோமானியத் தளபதி சீசர் அவர்களை ஏற்க மறுத்தார். போர்க்கலை நூல்கள் இத்தகைய மக்களைப் பயனில்லாத வாய்கள் என்று கணக்கிட்டன. அந்தக் கணக்கை ஒப்புக்கொண்டால் லாலியும் கூட்டும் செய்தது சரியான தொழில். ஒவ்வொரு வாயும் உள்ளே இருந்தால் கோட்டை சில நாள் முன்னதாக விழும். வெளியேறிவிட்டால் சில நாள் தாமதிக்கும். இருவரும் ஒரே கணக்கை இரு முனைகளிலிருந்து போட்டார்கள்.

அறவியல் இங்கே பயன்படுத்தும் கருவிகளில் முக்கியமானது தாமஸ் அக்குவினாஸின் தற்காப்புக் கொலை பற்றிய விவாதத்திலிருந்து வளர்ந்தது. ஒரு செயலுக்கு இரு விளைவுகள் இருக்கலாம். நல்லதை நாடிச் செய்யும்போது தீயது உடன்விளைவாக நேர்ந்தால், அதை நாடிச் செய்ததாகக் கருத முடியாது. நாடுவது வேறு, நேரும் என்று முன்னறிவது வேறு என்பது அதன் சாரம். கோட்டையைச் சுட்ட குண்டு தவறி வீட்டில் விழுந்தால் இந்த வாதம் ஓரளவு உதவும். கூட்டுக்கு இது உதவாது. அந்த 1,400 பேரின் பசி அவருடைய நோக்கத்தின் ஓரத்தில் நேர்ந்த விபத்து அல்ல. அவர்கள் திரும்பிப் போய் எதிரியின் தானியத்தைத் தின்ன வேண்டும் என்பதற்காகவே திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்களுடைய உடலே கருவி. மனிதனை வெறும் கருவியாக்குவதுதான் கூட் செய்த பிழை.

லாலி அவர்களைக் கருவியாக்கவில்லை. அவர்கள் சாக வேண்டும் என்று விரும்பியதாகவும் தெரியவில்லை; எங்காவது போய்விட்டால் அவருக்குப் போதும். ஆகவே நாடுதல், முன்னறிதல் என்ற அளவுகோலில் அவர் கூட்டைவிடச் சற்றுத் தூயவராகக்கூடத் தெரிவார். அந்த அளவுகோலின் குறை இங்கே வெளிப்படுகிறது. கூட் அந்நியர், லாலி அவர்களை ஆண்டவர், அவர்களிடம் வரி வாங்கியவர், சுமை தூக்க வைத்தவர். ஆள்பவன் என்ற உறவு வேறு யாருக்கும் இல்லாத ஒரு கடனை அவர் மேல் ஏற்றியிருந்தது. அவருடைய பிழை துரோகம். கோவூர் கிழார் நெடுங்கிள்ளியிடம் முதலில் போனதன் நியாயமும் இதுதான்.

இரு பிழைகளும் வேறு வேறு இனத்தவை. அதனால் அவற்றைத் தராசில் வைத்து இவருக்குப் பாதி, அவருக்குப் பாதி என்று பங்கிட வழியில்லை. இரண்டு பேர் சேர்ந்து ஒருவனை மூழ்கடித்தால் ஆளுக்கு அரைக் கொலை என்று எந்த நீதிமன்றமும் எழுதாது. போர் நடத்துபவர்களின் வழக்கமான பேச்சு இதற்கு நேர்மாறு. அவன் வெளியே தள்ளாவிட்டால் நான் திருப்பியனுப்ப வேண்டியிருக்காது என்று ஒருவன் சொல்கிறான். அவன் வழிவிட்டிருந்தால் யாரும் பட்டினி கிடந்திருக்க மாட்டார்கள் என்கிறான் மற்றவன். இரண்டும் உண்மையான வாக்கியங்கள். ஒருவனுடைய குற்றத்தை மற்றவனுடைய குற்றம் கழித்துவிடும் என்பதை மட்டும் அவற்றிலிருந்து பெற முடியாது. எட்டாம் நாள் கூட் வழிவிட்டதை இரக்கம் என்று எழுதுவாரும் உண்டு. மதில் இனித் திறக்காது என்று உறுதியான பின் அந்த மக்களைத் தடுத்து நிறுத்துவதில் போர்ப்பயன் எதுவும் மிஞ்சவில்லை என்று படிப்பதற்கும் இடமிருக்கிறது.

மிச்சக் கதை சுருக்கமானது. 1761 ஜனவரி முதல் நாள் அடித்த புயலில் ஆங்கிலக் கப்பல்கள் சில மூழ்கின. வேறு சில நகரத்துக்குத் தெற்கே கரையில் மோதி நொறுங்கின. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஆனாலும் சில நாட்களிலேயே கடல் வளையம் மீண்டும் இறுகியது. ஜனவரி 16 அன்று நகரம் சரணடைந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன்பு ஆனந்தரங்கப் பிள்ளை காலமாகியிருந்தார். சென்னை ஆளுநர் பிகட்டின் முடிவுப்படி கோட்டையும் ஆளுநர் மாளிகையும் இடிக்கப்பட்டன. தேவனாம்பட்டினத்தை லாலி இடித்தாரே என்பது பதில். பழிக்குப் பழி என்ற நியாயம் அரசுகளுக்கிடையே சரி என்று பட்டாலும், இடிந்தவற்றில் ஊரின் வீடுகளும் இருந்தன. 1768இல் வானியலாளர் லெ ழாந்தீய் வந்து சேர்ந்தபோது, இடிந்த மாளிகையின் மிச்சத்தின் மேல்தான் அவருக்கு நோக்ககம் அமைத்துக் கொடுத்தார்கள். லாலி பாரிஸில் துரோகக் குற்றம் சாட்டப்பட்டு 1766இல் தலை வெட்டப்பட்டார். வோல்த்தேர் அவருக்காக வாதாடி, 1778இல் அந்தத் தீர்ப்பு நீக்கப்பட்டது. மன்னனுக்கு அவர் துரோகம் செய்தாரா என்பது பற்றிப் பல ஆண்டுகள் வழக்கு நடந்தது. வெளியே தள்ளப்பட்ட 1,400 பேர் அந்த வழக்கில் ஒரு கேள்வியாகவே இல்லை.

அவர்களுடைய இடத்தைச் சட்டம் கண்டுகொள்ள மிக நீண்ட காலம் பிடித்தது. இரண்டாம் உலகப் போரில் 1941 செப்டம்பர் முதல் 1944 ஜனவரி வரை லெனின்கிராட் முற்றுகையிடப்பட்டது. பல லட்சம் பேர் பட்டினியால் இறந்தார்கள். நகரத்தை விட்டு வெளியேற முயலும் மக்களைச் சுட்டுத் திருப்பும்படி ஜெர்மானியப் படைக்கு ஆணை இருந்தது. போர் முடிந்து நூரம்பர்க்கில் நடந்த தளபதிகள் வழக்கில் 1948இல் வந்த தீர்ப்பு, படைத்தலைவர் வில்ஹெல்ம் ஃபான் லேபை அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. அன்றைய போர்ச் சட்டம் அதைத் தடுக்கவில்லை, சட்டம் வேறாக இருந்திருக்கலாமே என்று விரும்பத்தான் முடியும் என்பது நீதிபதிகளின் நிலை. கூட் அந்தக் கூண்டில் நின்றிருந்தால் அவருக்கும் அதே விடுதலைதான்.

மறு ஆண்டே, 1949இல், நான்காவது ஜெனீவா ஒப்பந்தம் முற்றுகைப் பகுதியிலிருந்து நோயாளிகள், முதியோர், குழந்தைகள், பிள்ளைத்தாய்ச்சிகள் ஆகியோரை வெளியேற்ற இரு தரப்பும் உடன்பாடு காண முயல வேண்டும் என்றது. நெட்டிமையாரின் பட்டியலோடு இது ஓரளவு ஒத்துப்போகிறது. முயல வேண்டும் என்பதுதான் அதில் உள்ள கடமை. காண வேண்டும் என்பதல்ல. 1977இன் கூடுதல் நெறிமுறைதான் பட்டினியைப் போர்முறையாகக் கையாள்வதை நேராகத் தடை செய்தது. 2018இல் ஐ.நா. பாதுகாப்பு அவை 2417ஆம் தீர்மானத்தில் அதைக் கண்டித்தது. இந்தியாவும் இலங்கையும் ஜெனீவா ஒப்பந்தங்களில் சேர்ந்தவை. 1977 நெறிமுறைகளில் இரண்டும் சேரவில்லை. அமெரிக்க அறவியலாளர் மைக்கேல் வால்சர் 1977இல் வெளியிட்ட தம் நூலில், முற்றுகையிடுபவன் மக்களுக்கு வெளியேறும் வழியைத் திறந்து வைத்த பிறகுதான் பொறுப்பு உள்ளே இருப்பவனுக்கு மாறும் என்று வாதிட்டார். லாலி விஷயத்தில் அது மட்டும் போதாது. உள்ளே இருப்பவன் வெளியே தள்ளுவதற்கும் தடை வேண்டும், வெளியேறாமல் தடுப்பதற்கும் தடை வேண்டும்.

தடுப்பது என்றால் என்ன என்பதைத் தமிழர்கள் 2009இல் முள்ளிவாய்க்காலில் கண்டார்கள். புதுச்சேரியில் நடந்ததன் தலைகீழ் வடிவம் அது. வன்னியில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் சுருங்கிக்கொண்டே வந்த கடலோரத் துண்டுக்குள் அடைபட்டார்கள். ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த வல்லுநர் குழு 2011இல் அளித்த அறிக்கையில், தானே பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த இடங்களிலும் மருத்துவமனைகளிலும் அரசுப் படை எறிகணை வீசியதாகவும், உள்ளே இருந்தோரின் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டி உணவையும் மருந்தையும் மட்டுப்படுத்தியதாகவும் நம்பத்தக்க குற்றச்சாட்டுகள் உண்டு என்றது. விடுதலைப் புலிகள் மக்களை வெளியேற விடாமல் பிடித்து வைத்ததாகவும், தப்ப முயன்றவர்களைச் சுட்டதாகவும் அதே அறிக்கை சொன்னது. இறந்தோர் 40,000 வரை இருக்கலாம் என்ற மதிப்பீட்டையும் குறித்தது.

இரு தரப்பும் அந்த மக்களைத் தம் மக்கள் என்றே சொல்லிக்கொண்டன. அரசு அதை மனிதநேய நடவடிக்கை என்று அழைத்தது; புலிகள் அந்த மக்களின் விடுதலைக்காகவே ஆயுதம் ஏந்தியவர்கள். ஆகவே கருவியாக்கிய பிழை, துரோகப் பிழை இரண்டும் இரு பக்கமும் சேர்ந்தே இருந்தன. அதன்பின் நடந்த விவாதங்களில் பெரும்பகுதி, மற்றவர் செய்ததை எண்ணிக் காட்டித் தம் கணக்கைக் குறைக்கும் முயற்சி. கூட்டும் லாலியும் எழுதியிருக்கக்கூடிய கடிதங்கள் அவை.

புதுச்சேரியின் பிற்கால வரலாறு எதிர்பாராத ஒரு திருப்பத்தைத் தருகிறது. 1814 பாரிஸ் ஒப்பந்தத்தின்படி, திருப்பித் தரப்படும் இந்தியக் குடியேற்றங்களில் கோட்டை கட்டுவதில்லை, காவலுக்கு வேண்டிய படைக்கு மேல் வைப்பதில்லை என்று பிரான்ஸ் ஒப்புக்கொண்டது. 1816இல் நகரம் திரும்பக் கிடைத்தது. அதன்பின் அதற்கு அரண் இல்லை, முற்றுகையும் இல்லை. அரண் இல்லாததால்தான் அமைதி என்று சொல்லிவிட முடியாது. சுற்றிலும் ஆங்கில ஆட்சி இருந்ததால் அந்த நகரத்தைப் பிடிப்பதில் யாருக்கும் பயனில்லாமல் போயிற்று.

வளையம் மறுபடி போடப்பட்டது சுதந்திர இந்தியாவின் கையால். 1949இல் சுங்க ஒன்றியம் முடிவுக்கு வந்தது. பிரெஞ்சுப் பகுதிகள் இந்தியக் கிராமங்களுக்கு நடுவே துண்டு துண்டாகக் கிடந்ததால், சரக்கையும் போக்குவரத்தையும் கட்டுப்படுத்தினாலே நகரம் மூச்சுத் திணறும். 1954இல் அந்தக் கட்டுப்பாடு இறுகியது. மார்ச் இறுதியில் நெட்டப்பாக்கம் போன்ற பகுதிகள் இணைப்பை அறிவித்தன. அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. சட்டப்படி 1962 ஆகஸ்ட் 16இல் முடிந்தது.

பொருளாதாரத் தடை முற்றுகைக்கு உடன்பிறப்பா என்பது இன்றைய உலக அரசியலின் மையக் கேள்விகளில் ஒன்று. ஆயுதம் ஏந்தாமல் நெருக்குவது என்பதால் அதை மென்மையானது என்று எண்ணும் வழக்கம் உண்டு. 1990களில் இராக் மீது விதிக்கப்பட்ட தடையில் குழந்தைகளும் நோயாளிகளும் பட்ட பாடு அந்த எண்ணத்தைக் கலைத்தது. புதுச்சேரியின் 1954 அந்த வகையைச் சேர்ந்ததல்ல. மக்கள் வெளியேறவும் உள்ளே வரவும் முற்றாகத் தடை இல்லை, சோறு ஆயுதமாகவில்லை, நெருக்கடியின் முடிவு வாக்களிப்பில் வந்தது. இந்த மூன்றில் முதலாவதுதான் அறவியலில் கனமானது. வெளியேறும் வழி திறந்திருக்கும்வரை நெருக்குதல் பேரத்தின் எல்லைக்குள் நிற்கிறது. அந்த வழி அடைபட்டதும் அது பணயம் பிடிப்பதாகிவிடுகிறது.

அணு ஆயுதத் தடுப்புக் கொள்கையின் அறச்சிக்கலும் இங்கேதான். இந்தியா 2003 ஜனவரியில் அறிவித்த கோட்பாட்டின்படி முதலில் அணு ஆயுதம் பயன்படுத்துவதில்லை. தாக்கப்பட்டால் பதிலடி எதிரி தாங்க முடியாத அளவுக்குப் பெரிதாக இருக்கும். முதல் பாதி கட்டுப்பாடு. இரண்டாம் பாதி, எல்லா அணு ஆயுத நாடுகளின் கோட்பாட்டையும் போலவே, பிற நாட்டு நகரங்களின் மக்களைப் பிணையாக வைத்துத்தான் நிற்கிறது. அவர்களுக்கு வெளியேறும் வழி எதுவும் கிடையாது. யாரும் சாகாதவரை அது அமைதியாகவே தெரியும். மிரட்டுவது மட்டும் குற்றமா, செய்தால்தான் குற்றமா என்று மெய்யியலாளர்கள் எழுபது ஆண்டுகளாக வாதிட்டும் முடிவு எட்டவில்லை. கூட்டின் பிழைக்குக் காட்டிய காரணத்தை ஒப்புக்கொள்பவர்கள், மக்களைக் கருவியாக்குவது மிரட்டலிலேயே தொடங்கிவிடுகிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். அதை ஒப்புக்கொண்டபின் ஒரு நாடு மட்டும் தனியாக என்ன செய்ய முடியும் என்பது வேறொரு கடினமான கேள்வி.

மறுபடி புதுச்சேரிக் கரைக்கு வருவோம். வீராம்பட்டினத்தில் ஆடி மாதம் நடக்கும் செங்கழுநீர் அம்மன் தேரோட்டத்தில் ஆட்சித் தலைவர் வந்து வடம் பிடித்துத் தொடங்கி வைப்பது பிரெஞ்சுக் காலத்து வழக்கம். இப்போது துணைநிலை ஆளுநர் வருகிறார். மீனவர் வலையில் சிக்கிய மரக்கட்டையிலிருந்து வெளிப்பட்டதாக ஊரார் சொல்லும் தெய்வம் அது. கோட்டைக்குள் அமர்ந்து ஆண்டவர்கள் ஆண்டுக்கு ஒரு நாளாவது ஆற்றைத் தாண்டி வந்து ஊராரோடு சேர்ந்து கயிற்றைப் பிடித்தார்கள். சடங்குதான். ஆனாலும் ஆள்பவனுக்கும் வேலிக்கு அப்பால் இருப்பவனுக்கும் இடையே கடன் உண்டு என்று கூட்டத்தின் முன்னால் காட்டும் சடங்கு.

அந்தக் கடன் இன்று வேறு கோணத்தில் கேட்கப்படுகிறது. 2008 நவம்பர் 26 அன்று மும்பையைத் தாக்கிய பத்துப் பேர் கடத்தப்பட்ட ஓர் இந்திய மீன்பிடிப் படகில் வந்தார்கள். 2009இல் கடல்சார் பாதுகாப்பின் ஒட்டுமொத்தப் பொறுப்பு கடற்படையிடம் தரப்பட்டது. கடலோரக் காவல் படையும் கரையோரக் காவல் நிலையங்களும் பெருகின. மீனவர்களுக்குக் கைரேகை பதிந்த அடையாள அட்டை வந்தது. சந்தேகப் படகைக் கண்டால் தகவல் தரச் சொல்லி ஊர்தோறும் கூட்டங்கள் நடக்கின்றன. மீனவர்கள் நாட்டின் கண்ணும் காதும் என்று அதிகாரிகள் பேசுகிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் பயனில்லாத வாய் என்று எண்ணப்பட்டவர்கள் இன்று பயனுள்ள கண். இரண்டும் பயன்பாட்டுக் கணக்கே. கண்ணாக இருப்பவர் கடலில் சிக்கிக்கொண்டால் அரசு அவருக்கு என்ன செய்யக் கடன்பட்டிருக்கிறது என்பது அந்தக் கூட்டங்களில் அவ்வளவு தெளிவாகப் பேசப்படுவதில்லை.

காரைக்கால், நாகப்பட்டினம், ராமேசுவரம் மீனவர்களுக்கு இது அன்றாடக் கேள்வி. 1974, 1976 ஒப்பந்தங்கள் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே கடல் எல்லை வரைந்தன. அதைத் தாண்டும் படகுகளை இலங்கைக் கடற்படை பிடிக்கிறது. இழுவைமடியால் தம் கடல் அழிகிறது என்ற வடமாகாணத் தமிழ் மீனவரின் முறையீட்டிலும் நியாயம் இருப்பதால், இதை ஒரு நாட்டின் கொடுமை என்று மட்டும் எழுதிவிட முடியாது. 1982இன் ஐ.நா. கடல் சட்டத்தில் இரு நாடுகளும் சேர்ந்திருக்கின்றன. தனிப்பொருளாதார மண்டலத்தில் மீன்பிடி விதியை மீறிய அயல்நாட்டு மீனவரை, நாடுகளிடையே வேறு உடன்பாடு இல்லாதபோது, சிறையில் அடைக்கக் கூடாது என்றும் பிணை பெற்றுக்கொண்டு படகையும் ஆளையும் விரைவில் விடுவிக்க வேண்டும் என்றும் அதன் 73ஆம் பிரிவு சொல்கிறது. பாக் நீரிணையில் பிடிபடுபவர்களுக்கு அந்தப் பிரிவு பெரும்பாலும் எட்டுவதில்லை. அங்குள்ள கடல் இரு நாடுகளின் வரலாற்று நீர்ப்பரப்பாகக் கொள்ளப்பட்டு, தனிப்பொருளாதார மண்டலம் என்ற கணக்குக்குள் வராமலே நிற்கிறது.